கோச்சிக் கடையும் கொச்சிக்கடையும்

வட்டகொடை,
புதன்கிழமை.

அன்பு மகள் நிஷாந்திக்கு,

அப்பா எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே, புள்ள. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் போனையே சுவரில் அடித்திருப்பேன். பக்கத்து லயத்து லோஜினி நாளைக்குக் கொழும்புக்கு வேலைக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. அம்மாவின் முழங்கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. என்னோடு அவளும் பேசுவதில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவதோடு சரி. தேயிலை பெக்டரியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே நிற்கிற நேரம்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியவேண்டும். உன்னிடம் கோச்சியில் வருகிறேன் என்றேன் இல்லையா? நான் கோச்சியில் வரவே இல்லை. முதல்நாள் இரவே தலவாக்கலையில் பஸ் ஏறிவிட்டேன். நான் பலகையில் சின்னதாகச் செய்துவைத்திருக்கும் வட்டகொடை ஸ்டேஷனுக்கு ஒரு பொம்மை இஞ்சின் வாங்கவேண்டும் என்று எத்தனை வருஷமாக அலைகிறேன், உனக்கே தெரியும். கொழும்புக்கு வந்தால் ஏதாவதொரு பொம்மைக் கடைக்குள் நுழையாமல் நான் திரும்பியதில்லை. உன்னைச் சந்திப்பதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம், உன் கல்யாணம் பேச தர்ஷன் வீட்டுக்குச் சோறு நேரத்துக்குப் போனால் போதும்தானே என்று கணக்குப் போட்டேன்.

புறக்கோட்டையில் இறங்கி, கையில் அம்மா கொடுத்துவிட்ட அதிரச டின்னோடு ஒவ்வொரு கடையாக ஏறினேன். எல்லாம் பற்றரி போட்டால் கத்துகிற பிளாஸ்டிக். கடைசியில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவரிடம் சிங்களத்தில் "கோச்சி கடே" எங்கே என்று கேட்டேன். நாம்தான் ரயிலைக் கோச்சி என்போமே, சிங்களத்திலும் அதேதானே! அந்த மனுசன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், டின்னையும் தூக்கிக் கொடுத்து, ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்டக்டரிடமும் நானே வாயைத் திறந்து "கோச்சி கடே" என்றேன். அவனும் டிக்கெட் கிழித்தான். பஸ் போகிறது, போகிறது, நீர்கொழும்பும் தாண்டிப் போகிறது! இறங்கிப் பார்த்தால் ஒரு பாலம், மீன் கடைகள். கொச்சிக்கடை என்ற ஊர்! நான் ரயில் பொம்மை விற்கிற கடையைக் கேட்டேன் என்றதும் அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

இதுவரைக்கும் படித்து நீயும் சிரித்திருப்பாய். இத்தோடு நிறுத்தி, ஊர் மாறிப் போய்விட்டேன், அதனால்தான் வர முடியவில்லை என்று முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் டின்னைத் திறந்து பார்த்தாள். ஓர் அதிரசம்கூடக் குறையவில்லை. "வழி தப்புனவரு பசிக்காச்சும் ரெண்டு தின்னிருப்பீங்க. நீங்க வேற என்னமோ பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றாள். 

அவள் சொன்னது சரி. நான் திரும்பி வந்துவிட்டேன், நிஷா. சரியான நேரத்துக்கே வந்துவிட்டேன். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் நின்று உன்னைப் பார்த்தேன். நீலச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, வாசலில் வருகிற ஒவ்வொரு ஆளையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் போன் எடுத்தாய். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கோச்சி கடுகண்ணாவையில நிக்குது புள்ள, இஞ்சின் பழுதாம்" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன்? பயம். வேறொன்றும் இல்லை. சட்டையெல்லாம் வேர்வை, மீன் வாடை, டின்னைச் சுற்றிச் சணல் கயிறு. அந்த வீட்டில் கதிரையில் உட்காரவைத்து எந்தத் தோட்டம், என்ன வேலை, சொந்த வீடா, தோட்டம் கொடுத்த லயத்து அறையா என்று கேட்பார்கள், நான் வாய் குழறுவேன், நீ தலையைக் குனிவாய் என்று பயந்தேன். கடைசியில் என் பயமே உன்னைத் தலைகுனிய வைத்தது.

கொச்சிக்கடையிலிருந்து திரும்பின பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு டீச்சர், நான் தேடிய மாதிரிக் கடை பம்பலப்பிட்டியில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அங்கே போனேன். கடைக்காரர் பாஹிம் நல்ல மனுசன். மேசை முழுக்கத் தண்டவாளம், சுரங்கம், பாலம். எனக்காக ஓர் இஞ்சினை ஓடவிட்டார். அது சுற்றிச் சுற்றி வந்தது. நீ மறுபடியும் போன் எடுத்தாய். நான் போன் சத்தத்தை நிறுத்திவிட்டு இஞ்சினைப்ப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இஞ்சினை வாங்கியும் வந்தேன். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கக் கை வரவில்லை.

தர்ஷனின் அப்பா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அவரிடமே கோச்சி நின்றுவிட்டது என்று உன்னைச் சொல்லவைத்தேனே, என்னைப் போல ஒரு மடையன் உண்டா? அவர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டதும், பொய் சொன்னது நீதான் என்று அந்த வீடு நினைத்ததும், சோற்றைத் தொடாமல் நீ எழுந்து வந்ததும் தர்ஷன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாவம், அந்தப் பிள்ளை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

நேற்று அவன் அப்பாவிடம் நானே பேசினேன். பொய் என்னுடையது, என் மகளுக்கு ஒன்றும் தெரியாது, நான் தோட்டத்து பெக்டரியில் வயர் வேலை பார்க்கிறவன், இருப்பது லயத்தில் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரயிலைக் குத்தம் சொல்லாதீங்க. அன்னைக்கு அது நேரத்துக்கு வந்துச்சு" என்றார். இந்த ஞாயிறு வரட்டுமா என்று கேட்டேன். "எங்க முன்னால குனிஞ்சு நின்னது உங்க மக. அவ வரச்சொன்னா வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆகவே, என் தங்கமே, இனி உன் சொல்தான். நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன். உன் கல்யாணப் பேச்சை உன் அப்பாவே கெடுத்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லு, கேட்டுக்கொள்கிறேன். அம்மா இன்றைக்கு மறுபடியும் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறாள். யாருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வரச் சொன்னால் கோச்சியிலேயே வருவேன். நீ ஸ்டேஷனுக்கு வந்து நிற்கவேண்டாம், உன்னை ஒரு தடவை நிற்கவைத்தது போதும். கொழும்புக்குள்ளேயே ஒரு கொச்சிக்கடை இருக்கிறதாம், அந்தோனியார் கோயில் பக்கம். அவர்கள் வீடு இருக்கிற கொட்டாஞ்சேனைக்கு அங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்று லோஜினி சொல்கிறாள். இந்தத் தடவை 'கோ' என்று இழுக்காமல் கேட்பேன். கோச்சி இல்லை, கொச்சி. நான் வந்து சேரும்போது அந்த வீட்டு வாசலில் நீ நின்றால் போதும். என்னோடு பேசக்கூட வேண்டாம்.

நீ நல்லா இருக்கணும், புள்ள.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
அப்பா முத்துலிங்கம்.