கன்னத்தால் பேசுவதற்கான போர்டுகளைச் சுங்கக் கிடங்கில் அழிக்காமல் விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
வீப்கே ஹார்ம்ஸ்,
பேருந்து ஓட்டுநர்,
அணைக்கரைத் தெரு, ஓல்டர்ஸீல்,
கிழக்கு ஃப்ரீஸ்லாந்து, ஜெர்மனி.

பெறுநர்
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
சுங்க அலுவலகம்,
ஓல்டர்ஸீல்.

பொருள்: சீனாவிலிருந்து எங்கள் முகவரிக்கு வந்து தங்கள் அலுவலகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள சர்க்யூட் போர்டு பார்சலை இம்மாதக் கடைசியில் அழித்துவிடாமல் விடுவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இந்த மனுவை ஏற்கெனவே எழுதிக் கிழித்திருக்கிறேன். முதலில் எழுதியதில் கோபம் அதிகம். அடுத்து எழுதியதில் பணிவு அதிகமாகி, வாசித்துக் காட்டியபோது என் கணவர் சிரித்துவிட்டார். ஆகவே இதில் எங்காவது குரல் உயர்ந்தால் தாங்கள் பொறுத்தருள வேண்டும். நான் பேருந்து ஓட்டுகிறவள். பச்சை விளக்கு எரிந்த பிறகும் நகராத வண்டிக்குப் பின்னால் நிற்க எனக்கு வராது.

2. என் கணவர் ஓக்கோ ஹார்ம்ஸ் கப்பல்களின் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்தவர். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்பு நோய் அவருக்கு வந்திருக்கிறது. கால் போயிற்று, கை போயிற்று, பேச்சும் போயிற்று. புத்தி அப்படியே இருக்கிறது, கிண்டலும் அப்படியே. கைகால்களில் இன்று அவர் சொல்கிறபடி அசைவது வலது கைப் பெருவிரல் மட்டும்தான். கணினித் திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்துவார். அப்படி எழுத்தெழுத்தாகச் சேர்த்ததைக் கணினி குரலில் சொல்லும். அந்தப் பெருவிரலும் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. அது நிற்பதற்குள் அவர் கன்னத்தின் அசைவைக் கொண்டு எழுதுவதற்கான போர்டு எங்கள் கைக்கு வந்தாக வேண்டும். ஐயா, மனுவின் சாரம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் விளக்கம்.

3. ஊரின் பழைய தீயணைப்பு நிலையத்தில் வியாழக்கிழமை மாலைகளில் கூடும் மின்னணுக் கழகத்தைத் தொடங்கியவர்களில் என் கணவரும் ஒருவர். இவர்களுக்கு இது பொழுதுபோக்கு. யாரும் எதையும் விற்பதில்லை. எதைச் செய்தாலும் அதன் வரைபடத்தை இணையத்தில் போட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம், குறை சொல்லலாம், திருத்தலாம். தப்பைக் கண்டுபிடித்தவருக்குத்தான் அங்கே மரியாதை. திருத்திய போர்டில் அவர் பெயரை அச்சடிப்பார்கள். உடம்பில் ஒட்டுகிற எதையும் வரைந்தவர் முதலில் தன் உடம்பில் ஒட்டிப் பார்த்த பிறகே அடுத்தவர் மேல் வைக்கலாம் என்பதும் அவர்கள் வழக்கம். கழகத்தின் ஒவ்வொரு போர்டிலும் ஓர் ஓரத்தில் “எங்களை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்” என்ற வரி இருக்கும். அந்த வரியை எழுதியவர் என் கணவர். அதுவே இப்போது அவருக்கு வினையாக வந்து நிற்கிறது.

4. கடையில் ஒன்று வாங்கிவிடலாமே என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் கொடுத்த கன்னக் கருவி ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கிறது. அது சீல் வைத்த பெட்டி. திறந்தால் உத்தரவாதம் போய்விடும்; திறக்காவிட்டால் இவர் கன்னத்துக்கு ஏற்றபடி அதை மாற்ற முடியாது. இவர் சிரித்தாலும் கொட்டாவி விட்டாலும் அது எதையாவது தேர்ந்தெடுத்துவிடும். என் தங்கை வந்திருந்த நேரத்தில் இவர் எதற்கோ சிரிக்கப்போய், திரையில் இருந்த அவசர வாக்கியங்களில் “தயவுசெய்து வெளியே போங்கள்” என்பதை அது சத்தமாகச் சொல்லிவிட்டது. தங்கை பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு இவர் பெருவிரலால் எழுதியது: “நான் நினைச்சதுதான். ஆனா சொல்லணும்னு நினைக்கலை.” தங்கையைச் சமாதானம் செய்ய நான் பட்ட பாடு தனிக்கதை, அது தங்களுக்கு வேண்டாம்.

5. ஆகவே கழகத்திலேயே ஒரு போர்டு செய்யத் துணிந்தார்கள். அதை வரைந்தவர் இம்கே என்ற பெண். காற்றாலைகளில் ஏறிப் பழுதுபார்ப்பது அவர் தொழில். கன்னத்தில் ஒட்டும் சிறு வில்லைகள் தசை அசையும்போது எழும் நுண்ணிய மின்சாரத்தைப் பிடிக்கும்; போர்டு அதைப் பொத்தான் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். எல்லாம் பேட்டரியில் ஓடுவது, சுவர் மின்சாரத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. முதலில் வந்த போர்டில் இம்கே ஒரு தப்புச் செய்திருந்தார். சிப் உட்கார வேண்டிய இடத்தை அடிப்பக்கத்திலிருந்து பார்த்தபடி வரைந்துவிட்டதால் இடம் வலமாகிவிட்டது. இந்தப் பைத்தியத்தில் விழுந்தவர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு முறையாவது செய்கிற தப்பாம் அது. இம்கேவும் செய்துவிட்டார் என்று கழகத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. எத்தனை நாள் காத்திருந்து வந்த போர்டு!

இம்கே அசரவில்லை. சிப்பைத் திருப்பிப்போட்டு, மல்லாந்த வண்டு போல அதன் கால்கள் மேலே பார்த்திருக்க, ஒவ்வொரு காலிலிருந்தும் தலைமுடி மாதிரி ஒரு கம்பியை இழுத்துப் பற்றவைத்தார். தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் சோதித்தார். அதோடே ரொட்டிக் கடைக்கும் போய்வந்தார். பிறகு என் கணவரின் கன்னத்தில் ஒட்டினார். அவர் சிரித்தபோது அது வாய் திறக்கவில்லை. அவர் வேண்டும் என்று அசைத்தபோது மட்டும் எழுதியது. கன்னத்தால் அவர் சொன்ன முதல் வாக்கியம்: “வீப்கே, டீ ஆறிப்போச்சு, வேற போடு.” நான் சமையலறைக்குப் போய்ப் புதுத் தேநீர் போட்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி கோப்பையில் முதலில் போட்ட கற்கண்டு சூடான தேநீர் பட்டு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வந்தேன். அன்று சாயங்காலமே ஒரு கம்பி அறுந்தது. ஒட்டினால் இன்னொன்று அறுந்தது. ஒருவருடைய பேச்சை முடிக்கம்பியில் தொங்கவிட முடியாது என்று இம்கே சொல்லிவிட்டார்.

6. எனவே வரைபடத்தைத் திருத்தி மறுபடி போர்டு வரவழைத்தார்கள். தங்களிடம் இருப்பது அந்தப் பார்சல்தான். ஆர்டர் படிவத்தில் எதற்காக என்று கேட்ட இடத்தில் இம்கே உள்ளதை உள்ளபடி எழுதினார்: நோயாளி ஒருவர் பேசுவதற்கு உதவ. உடனே அது மருத்துவக் கருவியாகிவிட்டது. விளையாட்டுச் சாமான் என்று எழுதியிருந்தால் இந்நேரம் என் கணவர் என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார். உண்மை எழுதியதற்கு இப்படி ஒரு பலனா என்று இம்கே என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, தங்களுக்குத் தெரியலாம்.

7. அழைப்புக் கடிதம் கிடைத்ததும் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கவுண்டரில் இருந்த திரு. ப்ரூன்ஸ் என்னை உட்காரச் சொல்லி, என் முன்னாலேயே பார்சலைப் பிரித்தார். அவர் மரியாதைக்குக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை. தரமுத்திரை எங்கே என்றார், இல்லை என்றேன். தயாரிப்பாளர் யார் என்றார், நாங்கள்தான் என்றேன். “நாங்கன்னா யாரு?” என்றார். வரைந்தது இம்கே, திருத்தம் சொன்னது போர்ச்சுகலில் ஒருவர், வரைபடம் எல்லோருக்கும் பொது, தாங்கள் விரும்பினால் தாங்களும் செய்யலாம் என்று விளக்கினேன். “அப்ப நானும் தயாரிப்பாளரா?” என்று கேட்டார். செய்தால் ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. போர்டு ஒன்றைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த வரியைப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். பிறகு சொன்னது இது: “செஞ்சவங்களே நம்ப வேண்டாம்னு அச்சடிச்சிருக்காங்க. இதை நான் எப்படிம்மா நம்பி வெளிய விடறது?”

அடுத்த பேருந்தைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் கணவர் வெகுநேரம் எடுத்து எழுதினார்: “அவர் முதல் பாதியைத்தான் படிச்சிருக்கார்.” பார்சலை அழிக்கப்போவதாகப் பிறகு வந்த தங்கள் அலுவலகக் கடிதத்திலும் அந்த முதல் பாதிதான் காரணமாகக் காட்டப்பட்டுள்ளது.

8. ஐயா, பார்சலில் இருப்பது கருவி அல்ல. வெற்றுப் போர்டுகளும் தனிப் பையில் உதிரிச் சாமான்களும் இருக்கின்றன. மாவு மூட்டைக்கு ரொட்டியின் சான்றிதழைக் கேட்டால் மில்காரர் எங்கே போவார்? இவற்றைச் சேர்த்துப் பற்றவைத்துச் சோதிக்கப்போவது எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில். பயன்படுத்தப்போவது ஒரே ஒருவர். நம்ப வேண்டாம் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலமும் அல்ல. அடுத்தவர் சொன்னதற்காக எதையும் உடம்பில் ஒட்டிக்கொள்ளாதே, முதலில் நீயே சோதித்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். தங்கள் இலாகாவும் அதைத்தானே நாள்தோறும் செய்கிறது? தங்கள் வாசலில் எழுதி மாட்டத் தகுந்த வரி என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. இது அதிகப்பிரசங்கித்தனமானால் மன்னிக்கவும்.

9. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. என் கணவர் எழுதத் தொடங்கிய வாக்கியத்தை வேறு யாரும் முடிக்கக்கூடாது. சட்டம் வரக் காரணமே நான்தான். பொறுமையில்லாமல், அவர் பாதி எழுதும்போதே மீதியை நான் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வேன். ஒரு நாள் பெருவிரலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: “நீ முடிக்காதே. சரியா இருந்தாலும் முடிக்காதே. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அதுதான்.” அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். முன்பு தேநீர் ஆறுவதற்குள் ஒரு வாக்கியம் வரும். இப்போது பாதியில் பெருவிரல் நின்றுவிடுகிறது. பிறகு அசையுமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் கண் மட்டும் திரையிலேயே இருக்கும். அந்தப் பக்கம் போர்டுகள் தங்கள் கிடங்கில் இருக்கின்றன, பேருந்தில் போனால் எட்டே நிறுத்தம். ஒவ்வொரு நாளும் அந்த வாசலைத் தாண்டித்தான் வண்டி ஓட்டுகிறேன்.

10. ஆகவே, தாங்கள் அருள்கூர்ந்து,

அ) மேற்படி பார்சலை அழிக்கும் உத்தரவை உடனே நிறுத்தி வைக்கவும்;

ஆ) அதை மருத்துவக் கருவியாக அல்லாமல், சொந்த உபயோகத்துக்கான உதிரிச் சாமானாகக் கருதி விடுவிக்கவும்;

இ) அதற்கும் மனம் ஒப்பாவிட்டால், தாங்கள் குறிக்கும் நாளில் இம்கே மல்டிமீட்டரோடும் பற்றவைக்கும் கோலோடும் தங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஒரு போர்டைத் தங்கள் கண் முன்னாலேயே பூர்த்தி செய்து, தன் கன்னத்தில் ஒட்டிக் காட்ட அனுமதிக்கவும் வேண்டுகிறேன். திரு. ப்ரூன்ஸ் அவர்களே மீட்டரைப் பிடித்து அளக்கலாம். தப்பு ஏதாவது கண்டுபிடித்தால் அடுத்த போர்டில் அவர் பெயர் இருக்கும்.

11. இந்த மனுவின் கீழே தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று என் கணவர் காலையில் தொடங்கினார். இதை நான் எழுதி முடிக்கும்போதும் எழுதிக்கொண்டிருக்கிறார். தங்கள் அலுவலகம் மூடுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருப்பதால், அவர் பெருவிரல் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்திலேயே அச்செடுத்து இணைக்கிறேன். மீதிச் சொல் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சட்டப்படி நான் அதை எழுதக்கூடாது.

தங்கள் முத்திரை விழும் சத்தத்துக்குக் காத்திருக்கும்,

வீப்கே ஹார்ம்ஸ்
(கையொப்பம்)

இடம்: ஓல்டர்ஸீல்
நாள்: நவம்பர் 14

இணைப்பு: ஓக்கோ ஹார்ம்ஸ் எழுதியது, எழுதியபடியே.

“ஐயா, எங்களை நம்ப வேண்டாம். அளந்து