கைப்பிடிக்கு அடியில் இருந்த இரண்டு கட்டைகள்

இன்று காலை என் தம்பி உங்கள் வண்டியின் கைப்பிடியைக் கழற்றி இறக்கி மாட்டிவிட்டு, அதைத் தூக்கி நிறுத்தியிருந்த இரண்டு அலுமினியக் கட்டைகளையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். வெயிலில் நின்ற வண்டி. கட்டைகள் சூடாக இருந்தன. கிரீசும் மண்ணும் கலந்த வாசனை. ஷிஃப்ட் முடிந்து வந்து நீங்கள் சட்டையைக் கழற்றும்போது வீட்டுக்குள் பரவுமே, அதே வாசனை. சாமி விளக்குக்குத் திரி போட உட்கார்ந்தவள், அவற்றைக் கீழே வைக்கவும் மனமில்லாமல், கழுவவும் மனமில்லாமல் அப்படியே இருந்துவிட்டேன்.

வண்டி என் அப்பா சீராகக் கொடுத்தது. வாலாஜாபாத்தில் கடைக்குப் போனவருக்கு மாப்பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. தானே ஏறி உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றுகிறதா, கை எட்டுகிறதா என்று பார்த்து வாங்கிவிட்டார். அப்பா என் உயரம். நீங்களோ எந்த வீட்டுக்குள்ளும் குனிந்து நுழைகிறவர். கல்யாணப் பந்தியில் உங்கள் அக்கா எல்லோரும் கேட்கவே சொன்னார்: "எந்தம்பி ஒசரத்துக்கு ஒரு வண்டி பாக்கத் தெரியல. ஒட்டகத்தப் புடிச்சி கழுத மேல ஏத்தினாப்புல கீது!" நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. மறக்கவும் இல்லை.

நம் பக்கம் கம்பெனி பஸ் வராது. ஒரகடம் வரைக்கும் லாரிகளுக்கு நடுவே தினமும் வண்டியில்தான். முதல் வருடமே மெல்லக் கேட்டுப் பார்த்தீர்கள்.

"இந்த ஹேண்டில கொஞ்சம் ஏத்தினா தேவலாம். அடியில ரெண்டு கட்டை வெச்சா போதும்."

"எங்கப்பா வாங்கிக் குடுத்தது பத்தலன்னு ஊருக்குச் சொல்லணுமா?"

"பத்தலன்னு யார்மா சொன்னா? எனக்கு முதுகு நீளம். வேணும்னா என்னைய ரெண்டு இன்ச்சு வெட்டிடு."

"வல்லக்கோட்டை முருகன் கோயில்ல பூஜை போட்ட வண்டி. சந்தனம் வெச்ச எடத்துல ஸ்பானர் வெப்பீங்களா?"

அதோடு விட்டுவிட்டீர்கள். முருகன் பெயரைத்தான் சொன்னேன். மனதில் இருந்தது உங்கள் அக்காவின் சிரிப்பு. அதன்பிறகு வருடக்கணக்கில் நீங்கள் கூன் போட்டே ஓட்டினீர்கள். பின்னால் உட்கார்ந்தால் உங்கள் தோளுக்கு மேலாக எனக்குச் சாலை முழுவதும் தெரியும். நல்ல வசதி என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் அந்த வலி வந்தது. இடது தோளில் ஆரம்பித்துக் கைக்குள் இறங்குகிறது என்றீர்கள். சாப்பிடும்போதே கையைத் தொங்கப்போட்டு உதறுவீர்கள். தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், திருநீறு பூசினேன். குறையவில்லை.

எனக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு நேராக வேண்டும். வரவும் செலவும் பொருந்தாமல் படுக்கப் போகாதவள் என்று நீங்களே கேலி செய்வீர்கள். உங்கள் வலிக்கும் அப்படித்தான் காரணம் தேடினேன். கிளச் பிடிப்பது இடது கை. உடம்பின் பாரமெல்லாம் முன்னால் சாய்ந்து அந்தக் கையில் இறங்குகிறது. எல்லாம் பொருந்தியது. பழியும் என் மேலேயே வந்து விழுந்தது. அதனாலேயே இன்னும் உறுதியாக நம்பினேன். என்னையே குற்றம் சொல்கிற விடை தப்பாக இருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரில ஒருக்கா காமிச்சினு வரட்டுமா?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.

நான் சொன்னேன்: "ஆஸ்பத்திரி எதுக்குங்க? எல்லாம் அந்த ஹேண்டில்தான். நான்தான் இத்தினி வருசம் உங்களக் குனிய வெச்சேன். லீவு போட்டா மெக்கானிக்கிட்ட போலாம், நானும் வரேன்."

"நெசமாவா? உங்கப்பா கேட்டா?"

"அவர நான் பாத்துக்கறேன்."

உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்குமேல் ஆஸ்பத்திரிப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை.

படப்பை மெக்கானிக் நம்மைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தார். "லேத்துல கடைஞ்சி வாங்கி வெச்சி எம்மா நாளாச்சி தெரியுமாக்கா? எப்ப சார் மாட்டலாம்னா, 'வூட்ல உத்தரவு வரட்டும்'னே சொல்லினு இருந்தாரு." நீங்கள் வேறு பக்கம் பார்த்தீர்கள். ஸ்பானர் படுவதற்கு முன்னால், காய்ந்து ஒட்டியிருந்த சந்தனத்தை நானே புடவைத் தலைப்பால் துடைத்தேன். பழைய போல்ட்டு நீளம் போதவில்லை. நீளமான போல்ட்டு போட்டுக் கட்டைகளை இறுக்கினார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கைப்பிடியை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பினார். யாரும் முறுக்காமலே வண்டி தானாக உறுமியது.

"பாத்தீங்களா, ஆக்சிலேட்டர் ஒயர் இழுக்குது. இப்டியே வுட்டா வண்டி நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவும்" என்று சொல்லிக்கொண்டே ஒயரை வேறு வழியாக மாற்றிவிட்டார். மூன்று பேரும் சிரித்தோம்.

திரும்பி வரும்போது எனக்குச் சாலை தெரியவில்லை. முதல்முறையாக உங்கள் நிமிர்ந்த முதுகு எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு இருந்தது. "எப்டிங்க கீது?" என்று கேட்டேன். "இப்பத்தாம்மா மாப்ள மாதிரி ஓட்டறேன்" என்றீர்கள். அழுகை வந்தது. நல்லவேளை, முதுகுக்குப் பின்னால் இருந்தேன்.

அடுத்து வந்த நாட்களில் வலியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "அது பறந்துடுச்சி" என்றே சொன்னீர்கள். உண்மையிலேயே விட்டிருந்ததா, என் மனம் நோகக் கூடாதென்று சொன்னீர்களா, தெரியவில்லை. நான் நம்பினேன். கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குப் போய்ப் பாலாபிஷேகம் செய்து நன்றிகூடச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மாதம் முடிவதற்குள், கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "மாரடைப்பும்மா. இதுக்கு முன்னாடி கை வலி, தோள் வலின்னு ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாருங்க. வண்டி ஹேண்டில் தாழ்வா இருந்துது. அத ஏத்தி வெச்சிட்டோம்" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி எழுதத் தொடங்கினார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

முதல் வருடத் திதி முடிந்ததும் வண்டியைத் தம்பிக்குக் கொடுத்தேன். அவனுக்கு வல்லம் வடகாலில் கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது. அவன் அப்பாவின் உயரம். "இன்னாக்கா இது, கையத் தூக்கினு ஓட்டறது சாமிக்குத் தீவாரதனை காட்றாப்புல கீது" என்று சிரிப்பான். நேற்று வந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுக்கா, அந்தக் கட்டையக் கழட்டிட்டா சரியாப் பூடும்" என்றான்.

அடுப்பை அணைத்தேன். புடவைகூட மாற்றவில்லை. "வா ஆஸ்பத்திரிக்கு."

"ஹேண்டில எறக்கறதுக்கு ஆஸ்பத்திரியா? உனுக்கு இன்னா ஆச்சி?"

"மொதல்ல டாக்டரு. அப்பறந்தான் கட்டை. ஏறு."

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லம்மா. வெறும் தசை வலி. வண்டி கைப்பிடிய சரி பண்ணிக்கச் சொல்லுங்க" என்றார்.

அதே விடை. அன்று நான் உங்களுக்குச் சொன்ன அதே விடை. இவனுக்கு அது சரியாக இருந்தது. தம்பி பிழைத்தான் என்று சந்தோஷப்பட வேண்டியவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் அவனுக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றே போயிருந்தால் உங்களுக்கும் ஒரு காகிதம் இப்படித்தான் வந்திருக்கும். அதில் வேறு விடை எழுதியிருக்கும், அவ்வளவுதான். கேட்டதுகூட நீங்கள்தானே. ஹேண்டிலை ஏற்றலாம் என்று ஆசை காட்டி நான்தான் உங்களை மெக்கானிக் பக்கம் திருப்பிவிட்டேன்.

கட்டைகளைச் சாமி மாடத்தில் வைக்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம். அங்கே வைத்துக் கும்பிட்டால் மன்னிப்பு கிடைத்துவிட்டதென்று ஒருநாள் நானே நம்பிவிடுவேன். தைலப் புட்டி இருக்கிற டப்பாவில், புட்டிக்கு மேலேயே வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இனி யார் வலி என்று சொன்னாலும், தைலத்தை எடுக்கப் போகிற கை முதலில் அவற்றின் மேல்தான் படும்.