ஏலகிரிப் பக்கம் தள்ளுங்க

நேற்று மாலை செல்பேசி சிணுங்கியது. இன்னும் சற்று நேரத்தில் விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேலே கடக்கும் என்றது. நீ செத்துப்போனது அந்தச் செயலிக்குத் தெரியாது. நிறுத்திவிடலாம்தான். மனசு வரவில்லை.

தொலைநோக்கியையும் மடிக்கணினியையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனேன். தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றம் காற்றில் ஏறி வந்தது. ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கி, சாப்பாட்டுப் பையோடு அப்படியே மாடிக்கு வந்துவிடுவாய் நீ. "இந்த ஊர்ல கீழ மூக்கு, மேல கண்ணு. அதுக்குத்தான் ஆண்டவன் ரெண்டையும் குடுத்திருக்கான்" என்பாய்.

முதலில் எவ்வளவு சண்டை போட்டோம்! தொலைநோக்கிக் குழாயை நான் கையால் தள்ளிக்கொண்டே வர வேண்டும். அதில் மாட்டிய கேமரா காட்டுவதை மடிக்கணினித் திரையில் பார்த்து, புள்ளி எந்தப் பக்கம் நழுவுகிறது என்று நீ சொல்ல வேண்டும். திரையில் எல்லாம் தலைகீழ். நீ இடது என்பாய், நான் எந்த இடது என்பேன், அதற்குள் அது வேலூரைத் தாண்டியிருக்கும். கடைசியில் நெற்றிப் பொட்டை எடுத்துத் திரையின் ஓரத்தில் ஒட்டினாய். "இதான் ஏலகிரி மலை. எதிர்ப்பக்கம் ஆறு. இனிமே இடது வலதுன்னு யாரும் பேசக் கூடாது."

அன்றிலிருந்து தெருவுக்கே கேட்கும். "ஏலகிரி! ஏலகிரி! அய்யோ ஜாஸ்தி போய்ட்டீங்க, ஆறு! ஆறு!" கீழ்வீட்டு பாய் ஒருநாள் அண்ணாந்து கேட்டார்: "இன்னா சார், அக்கா பஸ்ஸுக்கு ஆள் ஏத்துறாங்களா? எனக்கும் ஒரு டிக்கெட்." நீ சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் படமே விழவில்லை.

ஒரே ஒருமுறை நன்றாக விழுந்தது. இரண்டு பக்கமும் இறக்கையாகச் சூரியப் பலகைகள், நடுவில் உடம்பு. "கொடியில துணி காயுற மாதிரி இருக்குது" என்றாய். இன்னும் தெளிவாக ஒன்று எடுத்துச் சட்டம் போடலாம் என்றிருந்தோம். பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறுவது நின்றுபோனது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நான் மட்டும் திரும்பி வந்தேன்.

நீ போன பிறகு பழைய பதிவுகள் அத்தனையையும் போட்டுப் பார்த்தேன், உன் குரலுக்காக. அது வானத்தைப் பிடிக்கும் கேமரா, அதற்குக் காது கிடையாது. நீ தொண்டை கிழியக் கத்திய ஒரு வார்த்தைகூட எதிலும் இல்லை. வெள்ளைப் புள்ளி ஓரத்துக்கு ஓடுகிறது, சட்டென்று நடுவுக்குத் திரும்புகிறது. திரும்புகிற அந்த இடத்தில் நீ கத்தியிருக்கிறாய். என்ன சொன்னாய் என்றுகூடத் தெரிகிறது. எப்படிச் சொன்னாய் என்பதுதான் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. இதை நம் மகளிடம்கூடச் சொல்லவில்லை. உன்னை இரண்டாம் முறை பறிகொடுப்பதை எப்படிச் சொல்வது?

நேற்றும் விண்வெளி நிலையம் சரியான நேரத்துக்கு வந்தது. பொட்டு திரையில் அப்படியே இருக்கிறது. புள்ளி ஓரத்துக்கு நழுவியதை என் கண்ணாலேயே பார்த்தேன். கை குழாயின் மேல்தான் இருந்தது. ஆனாலும் தள்ளவில்லை.

நீ சொல்வாய் என்று நின்றுகொண்டிருந்தேன்.