‘தெரியலம்மா’ என்றாள் சின்னவள்

என் அன்பான பெரியவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே மூவரும் நலம் என்று வழக்கம்போல் எழுதிவிடலாம்தான், ஆனால் அது பாதிப் பொய்யாகிவிடும். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அப்பா மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார், நடைப்பயிற்சி மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போகிறது.

போன மாதம் சின்னவளின் பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள் என்று உனக்குச் சொன்னேன், முழுதாகச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் ரத்த மாதிரிக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவள் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். வகுப்பாசிரியை மூன்று விடைத்தாள்களை என் முன்னால் வைத்தார். மூன்றிலும் பதிவெண் மட்டும் அச்சடித்ததுபோல் அழகாக இருந்தது, மற்றபடி ஒரு எழுத்து இல்லை. “நல்லாப் படிச்ச பொண்ணுங்க, வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். திரும்பும்போது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி அவளோடு நடந்தேன். மருந்துக்கடை தாண்டியதும் அவளாகவே ஆரம்பித்தாள். “எனக்குப் பசங்களைப் பிடிக்குமா பொண்ணுங்களைப் பிடிக்குமான்னே தெரியலம்மா. கிளாஸ்ல உட்கார்ந்தா அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடுது” என்றாள். நோட்டின் பின்பக்கத்தில் அவள் எழுதி வைத்ததை யாரோ படித்துவிட்டார்களாம், அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்கட்டில் தனியாக உட்காருகிறாளாம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன், நல்லவேளை.

ஏன் நல்லவேளை என்று சொல்கிறேன். பத்தொன்பது வயதில் நான் விடுதியில் இருந்தபோது என் அறைத்தோழியும் இதே மாதிரி ஒருநாள், துணி மடித்துக்கொண்டே, தனக்கு ஆண்கள்மேல் மனசு போகவில்லை என்று என்னை நம்பிச் சொன்னாள். நான் “சீ” என்றேன். அதோடு விட்டேனா, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வார்டனிடம் போய்ச் சொன்னேன். இரண்டாம் நாள் அவள் அப்பா வந்துவிட்டார். பெட்டியைத் தூக்கும்போது அவள் என்னைத் திட்டவில்லை, “உனக்கு நாளைக்குப் பரீட்சை, போய்ப் படி” என்றாள், அவ்வளவுதான். இருபத்தொன்பது வருடமாகிறது. ஆய்வகத்துக்கு அவள் பெயரில் ரத்த மாதிரி வந்தால் வயதைப் பார்ப்பேன். ஒவ்வொரு வருடமும் ஒன்று கூட்டிக்கொண்டு பார்ப்பேன். ஒருமுறைகூட ஒத்துவரவில்லை. காத்திருப்போர் பெஞ்சில் யாராவது அவளைப்போல் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தால் ஊசியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன். அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

சின்னவள் சொன்னதை நான் புத்தி கெட்டுப்போய் உன்னிடம் போனில் சொன்னேன். நீ ஒரு டாக்டர் பெயரை அனுப்பி, கூட்டிப்போனால் சரி பண்ணிவிடுவார்கள் என்றாய். சரி பண்ண அவள் என்ன பழுதான மிக்சியா? அதுவாவது என்னோடு போகட்டும். அவளிடமே பேசி, “அப்பா நெஞ்சுவலி வந்த மனுஷன், இதைக் கேட்டா அவர் உயிரே போயிடும்” என்று சொன்னாயே கண்ணு, அதை நான் மூன்று வாரம் முன்னால் ஒரு புதன்கிழமைதான் தெரிந்துகொண்டேன். அன்று மதியம் வீட்டுக்கு வந்தால் புத்தகப்பை கிடக்கிறது, செருப்பைக் காணோம், ஆளைக் காணோம், போனும் கட்டிலில். மூன்று மணி நேரம். பள்ளி, நூலகம், பேருந்து நிலையம் என்று அலைந்தேன். தெருவில் பார்த்த முதுகெல்லாம் அந்த அறைத்தோழியின் முதுகாக இருந்தது, தோளைத் தொட்டால் வேறு யாரோ திரும்பினார்கள். அப்புறம் அப்பா கூப்பிட்டார். அவர் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்தைத் தேடிப்பிடித்து, முன்கூடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவர் லிஃப்டுக்கு அடியிலுள்ள பள்ளத்திலிருந்து கையெல்லாம் கிரீஸாக ஏறி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “இப்ப உங்களுக்கு நெஞ்சு வலிக்குதாப்பா?” என்று கேட்டாளாம். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “தினமும் அந்தக் குழியில இறங்கி ஏறுற நெஞ்சு இது, உனக்கு ஒண்ணும் ஆகாம இருந்தா போதும். சாப்பிட்டியா?” என்றாராம். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எனக்குக் கேட்டது.

மறுநாள் அவரே பள்ளிக்குப் போய்ப் பேசினார், வகுப்புப் பிரிவை மாற்றிக் கொடுத்தார்கள், மறுதேர்வும் வைத்தார்கள். சாயங்காலம் இரண்டு பேரும் கணக்குப் போடுகிறார்கள், அவர் போடும் கணக்கைத் திருத்துவதிலேயே இவளுக்குப் பாதி பாடம் வந்துவிடுகிறது. இரண்டு பாடத்தில் தேறிவிட்டாள், ஒன்று போய்விட்டது, போகட்டும். சில காலைகளில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். பசங்களா பொண்ணுங்களா என்ற அந்த விஷயம் அவளுக்கு இன்னும் தெரியவில்லை. தெரியும்போது தெரியட்டும், அதற்கு யாரும் கடைசித் தேதி வைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு தலை வாரிவிடும்போது அறைத்தோழியைப் பற்றி அவளிடம் சொன்னேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே, அதனால் சொல்ல முடிந்தது. “அவங்க பேரு என்ன?” என்றாள். சொன்னேன். இத்தனை வருடம் கழித்து அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். “அப்புறம் நீ தேடவே இல்லையா?” என்றாள். ஒரு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை என்றேன். அவள் திரும்பாமலே, “ஒண்ணே ஒண்ணா?” என்றாள். சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது.

உன்னைத் திட்ட எழுதவில்லை. நீ சொன்னதில் பாதி பயம் என்று எனக்குத் தெரியும், நானும் அந்தப் பயத்தில் பேசியவள்தான். உன் தங்கை உன்மேல் கோபமாக இல்லை, அக்கா கூப்பிட்டாளா என்று மட்டும் கேட்கிறாள். அவளிடம் பேசு. மார்க்கைக் கேட்காதே, டாக்டரைச் சொல்லாதே, சும்மா பேசு. நீங்கள் இருவரும் மனசாரச் சிரித்துப் பேசிக்கொண்டு நீடூழி வாழ வேண்டும், வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். குளிர் காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதற்குப் பதில் வராவிட்டால் அடுத்த வாரம் இன்னொன்று எழுதுவேன், அதற்கும் வராவிட்டால் அதற்கடுத்த வாரமும் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா