அப்பா பஸ்ஸை ஓரங்கட்டிய வாரம்

ஆகஸ்ட் 14, 1944, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சமையல் பாதியில் இருக்கும்போது அப்பா வந்து நின்றார், கூடவே அவர் பஸ் கண்டக்டர். அப்பா முகம் கழுவப் போனதும் கண்டக்டர் மெதுவாகச் சொன்னார்.

"புவனகிரியில ரோடு பிரியுற எடத்துல வண்டிய ஓரங்கட்டிட்டாரு, அக்கா. எறங்கி நின்னு, 'எந்தப் பக்கம் போவணும்னு எனக்கு மறந்துபோச்சு, தெரிஞ்சவங்க யாராச்சும் முன்னால வந்து உக்காருங்க'ன்னாரு. ஒரு பூக்காரம்மா வந்து உக்காந்து வழி சொல்லிச்சு."

சிதம்பரம்-கடலூர் ரோட்டில் இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர் அப்பா. வயது ஐம்பத்திரண்டுதான். கடலூர் வந்து சேர்ந்ததும் நேராக முதலாளியிடம் போய்ச் சாவியைக் கொடுத்திருக்கிறார். அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருமா? வராது.

ஆகஸ்ட் 16, புதன்
பெரிய ஆஸ்பத்திரி. கூட்டம் ஜாஸ்தி. டாக்டர் முட்டியில் தட்டினார், கண்ணில் டார்ச் அடித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். இது என்ன மாசம் என்று கேட்டார். நான் சொல்லப் போனேன், அப்பா என் கையை அமர்த்தினார். "தெரியலைங்க."

பிறகு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். அப்பாவும் எழுந்து வந்துவிட்டார். "என் வியாதிதானுங்களே, எங்கிட்டயே சொல்லுங்க."

"ரத்தத்துல ஏதாச்சும் தெரிஞ்சா வைத்தியம் பண்ணலாம். இல்லைன்னா இதுக்கு மருந்து இல்லைங்க. நல்லாத் தூங்கணும். தனியா விடக் கூடாது."

வெளியே வந்ததும் அப்பா: "மருந்து இல்லைன்னு ஒளிக்காம சொன்னாரு பாரு. நல்ல மனுசன்."

ஆகஸ்ட் 19, சனி
சிதம்பரம். தெற்கு வீதிப் பக்கம் ஒரு சித்த வைத்தியர். வல்லாரை நெய், காலை மாலை. அப்பா கேட்டார், "இதச் சாப்ட்டா திரும்ப ஓட்டலாமுங்களா?"

வைத்தியர் நாடியை விட்டார். "மனசு அமைதியாவும். போனது வருமான்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்பா அவரைக் கும்பிட்டார்.

அம்மா போன பிறகு அப்பா தனியாக இருந்த அறையைக் காலி செய்தோம். ஒரு பெட்டி, இரண்டு காக்கிச் சட்டை, அம்மா படம். இனி எங்களோடுதான்.

ஆகஸ்ட் 23, புதன்
வெயில். ரத்தத்தில் ஒன்றும் இல்லையாம். சந்தோஷப்படுவதா, தெரியவில்லை. வீடெல்லாம் நெய் வாடை.

சாயங்காலம் முதலாளி வந்தார். டிரைவர்கள் பாதிப் பேர் பட்டாளத்து லாரிக்குப் போய்விட்டார்களாம். சாவியை மேஜையில் வைத்தார். "பக்கத்துல ஒரு ஆள உக்கார வெக்கிறேன், வழி சொல்ல. நீங்க ஓட்டுனா போதும்."

அந்தச் சம்பளம் எங்களுக்கும் வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவை.

"வழி மறந்தா அவன் சொல்லுவான், மொதலாளி. பிரேக்கு மறந்தா?"

முதலாளி காப்பியைக் குடித்து முடித்தார். சாவியை எடுத்துக்கொண்டார். அப்பா வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

"யாரும்மா அவரு?"

"உங்க மொதலாளிப்பா."

"சாவிய நான் திருப்பி வாங்கலைல்ல?"

"இல்லப்பா."

"சரி. சோத்தப் போடு."