நாலரை மணி மாத்திரை

அத்தை, இரண்டும் ஒரே மருந்துதான் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா? இந்தக் கேள்விக்கு இனிப் பதில் கிடைக்கப் போவதில்லை.

இன்று அலமாரியை ஒழித்தபோது உங்கள் பிஸ்கட் தகர டப்பா அகப்பட்டது. திறந்தால் இன்னும் தைல வாடை.

பக்கவாதம் வந்தபின் சுங்காயிலிருந்து உங்களை ஜெலாப்பாங்குக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வாரம் இருமுறை நடைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி. நாளொன்றுக்குப் பதினோரு மாத்திரை. நான் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஏழு அறைப் பெட்டி வாங்கி நிரப்பினேன். காலை எட்டு மணிக்கு நான் நீட்டுவேன், நீங்கள் விழுங்குவீர்கள்.

ஆனால் நீங்கள் எழுவது விடியற்காலை நாலரைக்கு. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு நேரம் அது. தோட்டம் விற்றுப்போன பிறகும் உங்கள் உடம்பு அதை விடவில்லை. கோப்பியோடு, சுங்காய் கிளினிக் கொடுத்த பழைய ரத்த அழுத்த மாத்திரையைத் தகரத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வீர்கள். கவர்மெண்டு மருந்தை வீணாக்க உங்களுக்கு மனம் வராது. அந்நேரம் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் வாரம், ஆஸ்பத்திரியில் நடைபழகும் கம்பிகளுக்கு நடுவே எழுந்து நின்றதும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டீர்கள்.

"மருந்தெல்லாம் சரியா சாப்பிடுறீங்களா ஆன்டி?" என்று கேட்டாள் பயிற்சி தரும் பெண்.

"படிச்ச மருமக குடுக்குறா. தப்பாவாது லா."

"அவங்களுக்குப் பயம். முயற்சி பண்ண மாட்டேங்குறாங்க," என்றேன் நான்.

வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் அடுத்தமுறை கொண்டுவரச் சொன்னாள். நான் பெட்டியையும் அட்டவணையையும் கொண்டுபோனேன். மருந்து கவுண்டரில் நீங்கள் துணிப்பையிலிருந்து தகரத்தை எடுத்து வைத்தீர்கள்.

"இதுவும் இருக்கு மா."

மருந்தாளர் இரண்டு மாத்திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தகரத்தில் இருந்தது வெள்ளை, என் பெட்டியில் இருந்தது இளஞ்சிவப்பு. "ரெண்டும் ஒண்ணுதான் ஆன்டி. கம்பெனிதான் வேற. டபுளா சாப்பிட்டா தலை சுத்தாம என்ன செய்யும்?" டாக்டரிடம் கேட்டுவிட்டு வெள்ளையை நிறுத்தச் சொன்னார்.

காரில் கேட்டேன். "ஏன் அத்தை சொல்லல?"

"நீ எழுதி வச்சிருந்தியே மா."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வானொலியைப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து உங்கள் இதயம் நின்றது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார் டாக்டர். எதையும் எளிதில் நம்பாதவள், இதை மட்டும் உடனே நம்பிவிட்டேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. நாலரைக்கு விழிப்பு மட்டும் வருகிறது.

கவுண்டருக்குப் போய்வந்த மறுநாள் நடந்ததை எழுதிவைக்கிறேன். நாலரைக்கு நானும் எழுந்து பெட்டியைக் கொண்டுவந்தேன். "இது மட்டுமா?" என்றீர்கள். "இது மட்டுந்தான்," என்றேன். விடிந்ததும் நடைச்சட்டத்தைப் பிடித்து வாசல் கேட் வரை நடந்தீர்கள். பாதியில் உட்காருவீர்கள் என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். நீங்கள் உட்காரவில்லை.