காருக்கு வாரம் ஐந்து நாள்

9-1-1960, சனி. நகரி

இன்று கிருத்திகை. முதலாளி நாகபூஷணத்தையும் அவர் சம்சாரம் லட்சுமம்மாவையும் காரில் திருத்தணிக்குக் கூட்டிப்போய் வந்தேன். மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் முருகனைப் பார்க்கிறார்கள். அந்தச் சாக்கில் நான் என் பெண்டாட்டியைப் பார்க்கிறேன். அம்சவேணிக்கு அங்கே டாக்டர் தாட்சாயணி அம்மாளின் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறை. அதில் அவளும் எங்கள் ஒன்றரை வயது ஜெயம்மாவும். நான் இங்கே நகரியில், முதலாளியின் நூல் கடைக்குப் பின்புறம், கார் ஷெட்டில். ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தூரம் ஒன்றும் பிரமாதமில்லை, லீவுதான் இல்லை.

அவர்கள் மலை ஏறியதும் காரை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய் ஹாரன் அடித்தேன். பழைய காலத்து ரப்பர் பந்து ஹாரன். எருமைக்கன்று கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஜில்லாவில் வேறு யாருக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது. ஜெயம்மா "நைனா! நைனா!" என்று ஓடிவந்தாள். நான் குத்துக்காலிட்டுக் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய்க் காரின் மட்கார்டைக் கட்டிக்கொண்டாள்.

அம்சவேணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆரன் சத்தம் கேட்டா 'நைனா வந்துட்டாரு'ன்னு சொல்லிக்கினு இருந்தேனா? அது காருதான் நைனான்னு நெனச்சிக்கினு கீது."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? கார் என்னைவிடக் கொஞ்சம் பளபளப்பு.

17-1-1960, ஞாயிறு

கேட்டேவிட்டேன். வாரத்துக்கு ஒருநாள் லீவு.

கடையில் பலகை தொங்குகிறது: 'ஞாயிறு விடுமுறை'. சித்தூரிலிருந்து லேபர் ஆபீசர் வந்து சத்தம் போட்ட பிறகு மாட்டியது. அதைக் காட்டித்தான் கேட்டேன். முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அது கடைக்கு லீவுடா கோவர்த்தனா. நீ இன்னா கடையா?"

பிறகு பேப்பரில் ஒரு செய்தியை எனக்கே படித்துக் காட்டினார். அமெரிக்காவில் வாரத்துக்கு ஐந்து நாள்தான் வேலையாம். "ரெண்டு நாள் சும்மா குந்திக்கினு துன்னுவானாம்! அந்த நாடு உருப்படுமா, நீயே சொல்லு."

உருப்படாது என்று சொன்னேன். அமெரிக்காவைக் காப்பாற்றி எனக்கு ஆகவேண்டியது என்ன?

28-1-1960, வியாழன்

தை அமாவாசை. நெசவாளிகள் யாரும் இன்றைக்குத் தறியில் உட்கார மாட்டார்கள். ஊரில் 'டக்' என்று ஒரு சத்தம் இல்லை. தறிக்கு ஓய்வு, நூலுக்கு ஓய்வு, நூல் விற்கிற கடைக்கும் ஓய்வு. முதலாளிக்கு ஓய்வு என்றால் சொந்தக்காரர் வீடு சுற்ற வேண்டும். கார்வேட்டிநகரம், அங்கிருந்து புத்தூர். திரும்பி வந்ததும் காருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். காருக்குக் கண் பட்டுவிடுமாம். எனக்குப் படாது. படுகிற மாதிரி என்னிடம் என்ன இருக்கிறது?

5-2-1960, வெள்ளி

கிருத்திகை. ஜெயம்மா இந்த முறையும் மட்கார்டுக்குத்தான் முத்தம் கொடுத்தாள். தூக்கிக்கொண்டால் என் முகத்தைப் பார்க்காமல் தோள்மேல் எட்டிக் காரையே பார்க்கிறாள். அம்சவேணி இந்த முறை சிரிக்கவில்லை.

7-2-1960, ஞாயிறு

திருப்பதி போனோம். முதலாளி மெட்ராஸில் புது வண்டிக்குப் பேர் பதிந்திருக்கிறார். அது வருவதற்குள் இதை விற்க வேண்டும். கார்வேட்டிநகரத்தில் ஒரு பெரிய வீட்டிலிருந்து நாலு வருஷத்துக்கு முன் வாங்கிய வண்டி. வாங்கிய விலைக்குமேல் விற்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நிலம்கூட ஏறுகிறதே, இது ஏறாதா என்பது அவர் கட்சி.

தரகர் வரதராஜன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "நெலம் நின்ன எடத்துல நிக்குது முதலாளி. இது ஓடுது. ஓடறது அத்தனையும் தேயும். ஒவ்வொரு மைலுக்கும் வெலை எறங்கிக்கினே வரும்."

முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே! கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

தரகர் விடவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது. நகரி இங்கேயே ஆந்திராவில் நிற்கிறது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்து ஆட்கள் இந்த நம்பர் வண்டி என்றால் வரி, பர்மிட் என்று பயந்து ஓடுவார்கள். அதற்குள் தள்ளிவிடுங்கள், அதுவரை வண்டிக்கு ரெஸ்ட் கொடுங்கள் என்றார். வாரத்தில் இரண்டு நாளாவது நிறுத்தி வைக்க வேண்டுமாம்.

திரும்பும்போது முதலாளி என்னை மெதுவாக ஓட்டச் சொன்னார். மெதுவாகப் போனால் மைல் குறையும் என்று நினைத்திருப்பார்.

9-2-1960, செவ்வாய்

இன்றுமுதல் காருக்குச் செவ்வாயும் ஞாயிறும் விடுமுறை. வாரம் ஐந்து நாள் வேலை. அமெரிக்கா நகரிக்கு வந்தே விட்டது, ஷெட்டுக்குள்.

எனக்கு? துடைக்கிற வேலை. வேட்டியைப் போர்த்தி எலி கடிக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை. கார் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் சைக்கிளில் போகிற வேலை. நூல் சிப்பம் கட்டி மிதித்ததில் முழங்கால் இரண்டும் விண்விண் என்கிறது. நானும்தான் ஓடுகிறேன், நானும்தான் தேய்கிறேன். எனக்கு ஒரு தரகர் இல்லை.

4-3-1960, வெள்ளி

கிருத்திகை. காலையில் குளித்துக் காக்கி மாட்டிக்கொண்டு வண்டியை வாசலுக்கு எடுத்தேன். முதலாளி வெளியே வந்தார், கையில் குடை.

"உள்ளே வுடுடா. நாங்க ரயில்ல போறோம். திருத்தணி போய்வந்தா எவ்ளோ மைலு தேயும், தெரியுமா?"

"நான் இன்னா பண்றது முதலாளி?"

"வண்டியைப் பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். நாள் முழுக்கப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

சாயங்காலம் லட்சுமம்மா வந்து பிரசாதம் கொடுத்தார். நல்ல மனுஷி, சொல்லாமல் இருந்திருக்கலாம். "உம் பொண்டாட்டி கொழந்தையை இட்டுக்கினு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுக்கினு இருந்தாப்பா. காரை விக்கப்போறோம், அதான் ரயில்ல வந்தோம்னு சொன்னேன். அந்தக் கொழந்தை எங்க மூஞ்சியைப் பாக்கவே இல்ல. எங்க பின்னால காரு வருதான்னு பாத்துக்கினே நின்னிச்சி."

பிரசாதத்தை மட்கார்டின்மேல் வைத்தேன். கார் வரலைன்னு பாத்திச்சா, நான் வரலைன்னு பாத்திச்சா? எதுக்குக் கேக்கணும். எனக்குத் தெரியாதா?

5-3-1960, சனி

காருக்கு மெழுகு போட்டேன். கை வேலை செய்தது.

13-3-1960, ஞாயிறு

காருக்கு லீவு நாள்தான். ஆனாலும் திருப்பதிக்கு ஓட்டினோம். தரகர் கூப்பிட்டால் லீவாவது ஒன்றாவது.

வரதராஜன் இன்று ரகசியத்தைச் சொன்னார். மைல் காட்டுகிற மீட்டருக்குப் போகிற கம்பியைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. முதலாளிக்கு ஞானோதயம். "அடப்பாவி, மொதல்லயே சொல்லக்கூடாதா?" திரும்பி வரும்போதே கழற்றச் சொன்னார். ரேணிகுண்டா, புத்தூர் எல்லாம் கடந்து நகரி வந்து சேர்ந்தோம். மீட்டரைக் கேட்டால் நாங்கள் இன்னும் திருப்பதியில்தான் இருக்கிறோம்.

இனி காரிலேயே கிருத்திகைக்குப் போகலாமே என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன். "டயர் தேயாதா? அதுக்கும் ஒரு கம்பி கீதா?" என்றார்.

30-3-1960, புதன்

நாளை கிருத்திகை. நாளன்றைக்குத் திருத்தணி வேறு ராஜ்யம். முதலாளி ரயிலில் போகிறார், மொட்டை வேண்டுதலாம். நான் வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்த்துக்கொள்கிறேன். எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லையே?

31-3-1960, வியாழன். திருத்தணி

இன்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

ரயில் போன சத்தம் அடங்கியதும் மீட்டர் கம்பியை மறுபடி கழற்றினேன். முதலாளி கற்றுக்கொடுத்த வித்தை, வீண் போகக்கூடாது. திருத்தணி வந்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி நடந்தே உள்ளே போனேன். நானாக, தனியாக. ஜெயம்மா முற்றத்தில் தட்டாங்கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ ஒரு காக்கிச் சட்டை என்று மறுபடி கல்லைப் பார்த்தாள்.

என்ன செய்ய? தூக்கிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். உடனே முகமெல்லாம் சிரிப்பு. ஹாரனைப் பிடித்து அழுத்த ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. மலைமேல் இருக்கிற முதலாளிக்கு எங்கே கேட்கப்போகிறது?

மலைமேல் இல்லை. மொட்டை போட்டு, சாமி பார்த்து, கீழே இறங்கித் தெருமுனைக்கு வந்திருந்தார். தலையில் சந்தனம், கண்ணில் நெருப்பு. பின்னால் லட்சுமம்மா மூச்சிரைக்க வந்தார்.

"டேய்! எங்கடா வந்துக்கினு..." என்று கையை ஓங்கியவர் பாதியில் நிறுத்தினார். டாக்டரம்மா வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வண்டியா? விக்கிறதா நர்ஸ் சொன்னாங்களே. ராத்திரி பிரசவத்துக்குக் கூப்பிட்டா ஜட்காவில போக வேண்டியிருக்கு. எனக்கு ஒரு வண்டி அவசியமா வேணும்."

ஓங்கிய கை அப்படியே கும்பிட்டது. "உங்களுக்குக் காட்டத்தாம்மா டிரைவரை முன்னாடியே அனுப்பினேன்." இந்த மனுஷன் நூல் விற்கப் பிறந்தவரே இல்லை.

டாக்டரம்மா மீட்டரைக் குனிந்து பார்த்தார். இவ்வளவு குறைவாகவா ஓடியிருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மீட்டர் சரியா ஓடுதாப்பா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைய தப்புக்கு மன்னிப்பு உண்டு. புது வண்டி வரும். அதற்கும் நான்தான் டிரைவர், அதே ஷெட், அதே பூசணிக்காய். டாக்டரம்மாவுக்குப் பின்னால் நின்ற அம்சவேணியும் பார்த்தாள். அவளுக்குச் சோறு போடுகிற இடத்தில் நான் பொய் சொல்லப்போகிறேனா என்ற பார்வை. ஜெயம்மா யாரையும் பார்க்காமல் ஸ்டீரிங்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, காலையில நகரியில பொறப்படும்போது மீட்டர்ல இன்னா இருந்திச்சோ, இப்பவும் அதேதான் கீது."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். லட்சுமம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"துன்ன வூட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா!" என்று முதலாளி கத்தினார். ஆனால் வண்டியைத் திருப்பி எடுத்துப்போகவில்லை. நாளைக்கு விடிந்தால் எல்லைக்கு அந்தப் பக்கத்து வண்டியாகிவிடும், இன்னும் இறங்கும் என்று தரகர் போட்ட பயம். அரை மணி நேரம் பேரம் நடந்தது. டாக்டரம்மா கேட்ட விலைக்கே கொடுத்தார். வண்டி நின்ற இடத்திலேயே, ஒரு மைல்கூட ஓடாமல், அவ்வளவு இறங்கியது.

"இவனை இன்னா பண்ணப்போறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஸ்டெப்னியோட சேத்து நீங்களே எடுத்துக்குங்க."

டாக்டரம்மா சொன்ன சம்பளம் பழையதைவிடக் குறைவுதான். காரோடு சேர்ந்து நானும் ஒரே நாளில் விலை இறங்கிக் கைமாறினேன். லீவைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இனி ஒருநாளும் இருக்க மாட்டேன்.

"பிரசவத்துக்கு ஞாயித்துக்கிழமை தெரியாதேப்பா" என்றார். கொஞ்சம் யோசித்தார். "சரி. ஞாயிறு பகல் முழுக்க உன்னுது. அவசரம்னா ஜட்காவில போயிக்கிறேன். பொழுது சாஞ்சப்புறம் யார் பெத்தாலும் வரணும்."

முதலாளி ரயிலுக்குக் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார். என்னை இல்லை, ஹாரனை.

6-4-1960, புதன். திருத்தணி

வண்டியை டாக்டரம்மா பேருக்கு மாற்றச் சித்தூர் ஆபீசில் காலையிலிருந்து நின்றேன். குமாஸ்தா தெலுங்கில் விரட்டினார். இனி மெட்ராஸ்காரர்கள் மெட்ராஸில்தான் கேட்க வேண்டுமாம். போன வாரம் வரைக்கும் திருத்தணி உங்க ஜில்லாதானேங்க என்றேன். போன வாரமே வந்திருக்கலாமே என்றார். நியாயமான மனுஷன்.

ராத்திரி திருத்தணி வந்து சேர்ந்தபோது ஜெயம்மா தூங்கிவிட்டாள்.

10-4-1960, ஞாயிறு. திருத்தணி

முதல் லீவு. என்ன செய்வதென்று தெரியவில்லை. விடிந்ததும் பழக்கத்தில் துணியை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பின்புறம் புதிதாகப் போட்ட கார் ஷெட்டுக்குப் போய்விட்டேன். அம்சவேணி பின்னாலேயே வந்து துணியைப் பிடுங்கி, ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "காருக்கும் லீவு. வாங்க, வந்து ஊத்தப்பம் துன்னுங்க."

காக்கி போடவில்லை, வேட்டிதான். ஜெயம்மா காலை முழுக்கப் பூட்டிய கதவுக்கும் எனக்கும் நடுவில் திரிந்தாள். கதவைத் தட்டி "நைனா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. அழுதாள். தூக்கிக்கொண்டேன், திமிறினாள், பிறகு என் மீசையைப் பிடித்து இழுத்தாள். ஊத்தப்பத்தைப் பிய்த்து என் வாயில் திணித்தாள். மதியம் என் வயிற்றின்மேலேயே தூங்கிப்போனாள். அசையாமல் படுத்திருந்தேன். கால் மரத்துப்போனது, அதனால் என்ன, லீவுதானே.

நாலு மணிக்குப் பால் வாங்க சொம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் "நைனா!" என்று ஒரு கத்தல். அம்சவேணி ஷெட்டைத் திறந்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஷெட் பூட்டித்தான் இருந்தது. ஜெயம்மா வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.